பிப் மறுக்கப்பட்டதா? ஒருமுறை முடிவதும் நாள்தோறும் முடிவதும் ஒன்றல்ல

பிப் (நீண்டகால நோயோ மாற்றுத்திறனோ உள்ளவர்களுக்குப் பிரிட்டன் அரசு தரும் உதவித்தொகை) தர மறுத்து டிடபிள்யூபி (அதை வழங்கும் அரசுத் துறை) அனுப்பும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும். நீங்கள் சொன்ன சிரமத்தை முதல் வரியில் ஒப்புக்கொள்வார்கள். அடுத்த வரியில், அசெஸ்மென்ட் (தகுதி மதிப்பீட்டுச் சந்திப்பு) அன்று கையை உயர்த்தினீர்கள், கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொன்னீர்கள், கார் ஓட்டுவதாகச் சொன்னீர்கள் என்று எழுதி, ஆகவே இதைச் செய்ய உங்களால் முடியும் என்று முடிப்பார்கள். அதற்குக் கீழே வரிசையாகப் பூஜ்யங்கள்.

ஃபைப்ரோமயால்ஜியா, லூபஸ், எம்இ (நாள்பட்ட சோர்வு நோய்), முடக்குவாதம், க்ரோன்ஸ், மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ், லாங் கோவிட் போன்ற நாள்பட்ட நோய்களோடு வாழ்பவர்களுக்கு இந்தப் பூஜ்யங்கள் வருவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரு மணி நேர அசெஸ்மென்டில் ஒருமுறை செய்ய முடிந்ததை, எப்போதும் செய்ய முடியும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2013-ஆம் ஆண்டு பிப் விதிகளின் 4-ஆவது விதி, ஒரு செயலை நான்கு நிபந்தனைகளோடு செய்ய முடிந்தால்தான் 'முடியும்' என்று கணக்கிடச் சொல்கிறது: பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள். நான்கில் ஒன்று தவறினாலும் அந்தச் செயல் உங்களால் முடியாத செயல்தான். மேல்முறையீட்டில் நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியும் இந்த நான்கில் ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும். நோயின் பெயருக்கோ, வலியின் கொடுமையைச் சொல்லும் பொதுவான வரிகளுக்கோ புள்ளி கிடையாது.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். வடக்கு அயர்லாந்தில் விதிகள் ஏறக்குறைய இவையேதான், அலுவலகங்கள் வேறு. ஸ்காட்லாந்தில் பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிஸபிலிட்டி பேமென்ட் இருக்கிறது. அங்கே மறுபரிசீலனை கேட்க 42 நாட்கள் உண்டு, நடைமுறையும் வேறு. இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பிப் அரசின் பொது நிதியில் சேரும். விசாவில் பொது நிதியைப் பெறக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால், விண்ணப்பிப்பதற்கு முன்பே குடியேற்றச் சட்டம் தெரிந்த ஆலோசகரிடம் பேசுவது அவசியம். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மற்றவர்கள் கடந்த 156 வாரங்களில் 104 வாரங்கள் பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அகதிகளுக்கு இல்லை.

தேதியும் உறையும்

மறுப்புக் கடிதத்தில் அச்சாகியிருக்கும் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன் கேட்க வேண்டும், அதாவது மேல்முறையீட்டுக்கு முன் டிடபிள்யூபியே தன் முடிவை மறுபரிசீலனை செய்யும்படி கேட்பது. கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடக் கூடாது. தபால் தாமதமாகி வந்தால் உறையை எறிந்துவிடாதீர்கள். முத்திரைத் தேதி பிறகு உதவும். ஒரு மாதம் தாண்டிவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. தகுந்த காரணம் சொன்னால் 13 மாதம் வரை தாமதமான கோரிக்கையை ஏற்க இடமுண்டு. மருத்துவமனையில் இருந்தது, நோய் கடுமையாக இருந்தது, கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லாதது எல்லாம் காரணங்களே.

காலக்கெடு நெருங்கிவிட்டால் போனில் கூப்பிட்டு ரீகன்சிடரேஷன் கேட்பதாகப் பதிவு செய்யுங்கள். விளக்கக் கடிதமும் ஆதாரங்களும் பின்னால் வரும், அதுவரை முடிவெடுக்க வேண்டாம் என்று அப்போதே சொல்லுங்கள். அதே அழைப்பில் இன்னொன்றையும் கேளுங்கள்: அசெஸ்மென்ட் அறிக்கையின் பிரதி. பிஏ4 என்று அதைச் சொல்வார்கள். மறுப்புக் கடிதம் அந்த அறிக்கையின் சுருக்கம்தான். எங்கே தவறு நடந்தது என்பது அறிக்கையில்தான் தெரியும். அசெஸ்மென்ட் ஒலிப்பதிவு செய்யப்பட்டிருந்தால் அதன் பிரதியையும் கேளுங்கள்.

சிலர் மனம் சோர்ந்து, மேல்முறையீடு வேண்டாம், புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். அதனால் பழைய விண்ணப்பத் தேதியிலிருந்து சேரும் பாக்கி முழுவதும் போய்விடும். 2025-26 நிதியாண்டில் தினசரி வாழ்க்கைப் பகுதிக்கு வாரம் 73.90 அல்லது 110.40 பவுண்ட், நடமாட்டப் பகுதிக்கு 29.20 அல்லது 77.05 பவுண்ட். இரண்டிலும் மேல்நிலை என்றால் வாரத்துக்கு 187.45 பவுண்ட். ஓராண்டு மேல்முறையீட்டுக்குப் பின் வென்றால் சேர்ந்து வரும் தொகை சிறியதல்ல. பிப்புக்கு வருமான வரம்பும் இல்லை. வேலை செய்துகொண்டே பெறலாம். தினசரி வாழ்க்கைப் பகுதி கிடைத்தால், பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகனோ கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான உதவித்தொகை) கேட்கவும் வழி திறக்கும்.

புள்ளிகள் எப்படிச் சேர்கின்றன

தினசரி வாழ்க்கையில் பத்துச் செயல்கள்: சமைப்பது, உண்பது, மருந்தும் சிகிச்சையும் கவனிப்பது, குளிப்பது, கழிப்பறைத் தேவை, உடை மாற்றுவது, பேசிப் புரிந்துகொள்வது, வாசிப்பது, மற்றவர்களோடு நேரில் பழகுவது, பண முடிவுகள். நடமாட்டத்தில் இரண்டு: பயணத்தைத் திட்டமிட்டுப் போய்வருவது, நடப்பது. ஒவ்வொரு செயலிலும் பல நிலைகள், ஒவ்வொரு நிலைக்கும் புள்ளி. ஒரு பகுதியில் 8 புள்ளி சேர்ந்தால் சாதாரண நிலை, 12 சேர்ந்தால் மேல்நிலை.

எட்டுப் புள்ளியை ஒரே செயலில் காட்ட வேண்டியதில்லை. சமைக்க உயரமான ஸ்டூலில் உட்கார வேண்டும், 2. குளியலறையில் பிடிமானக் கம்பியோ இருக்கையோ வேண்டும், 2. கழிப்பறையில் எழக் கைப்பிடி வேண்டும், 2. கால்சட்டை போடத் தூக்குக்கோல் வேண்டும், 2. மொத்தம் எட்டு. ஒரு செயலிலாவது 4 புள்ளி வாங்க வேண்டும் என்ற திட்டம் 2025-இல் பேசப்பட்டது உண்மைதான். அந்தப் பிரிவு அந்த ஆண்டு ஜூலையில் மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது. அந்தச் செய்தியின் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, தகுதி இல்லை என்று ஒதுங்கிப் போகிறவர்கள் இன்னும் இருப்பது வருத்தமான விஷயம்.

சமையல் என்றால் சட்டம் கேட்பது வீட்டில் விருந்து சமைப்பதை அல்ல. புதிய காய்கறிகளைக் கொண்டு, ஒருவருக்கு, ஒரு வகை உணவைத் தோலுரித்து, நறுக்கி, இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ உள்ள அடுப்பில் சமைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அரிசிப் பானையைத் தூக்க முடியாது என்று மட்டும் எழுதினால் புள்ளி வராது. வெங்காயம் நறுக்கும்போது விரல் மூட்டு எத்தனை நிமிடத்தில் பூட்டிக்கொள்கிறது, அடுப்பருகே நிற்கையில் தலைசுற்றி என்ன நடக்கும், மூளை மந்தத்தில் அடுப்பை அணைக்க மறந்தது எத்தனை முறை என்று எழுதினால் வரும். மைக்ரோவேவில் மட்டுமே முடியும் என்றால் 2, யாராவது உடனிருக்கவோ கைகொடுக்கவோ வேண்டும் என்றால் 4, சமைக்கவே முடியாது என்றால் 8.

இங்கே மூன்று சொற்களின் சட்டப் பொருள் தெரிந்திருக்க வேண்டும். 'உதவி' என்றால் இன்னொருவர் உடலால் செய்வது. 'தூண்டுதல்' என்றால் இன்னொருவர் நினைவூட்டுவது, ஊக்குவிப்பது, விளக்குவது. 'கண்காணிப்பு' என்றால் உங்கள் பாதுகாப்புக்காக அந்தச் செயல் முடியும்வரை ஒருவர் கூடவே இருப்பது. மகள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, விழுந்துவிடுவீர்களோ என்று காத்திருந்தால் அது கண்காணிப்பு. நம் வீடுகளில் இதை யாரும் உதவி என்று எண்ணுவதில்லை. அம்மாவுக்குத் தலைவாருவதும், அப்பாவுக்குச் சாக்ஸ் போட்டுவிடுவதும் வழக்கமாகிப்போனவை, அதனால் படிவத்தில் ஏறுவதே இல்லை. மறுப்புகளில் கணிசமானவை இந்த மௌனத்தில்தான் பிறக்கின்றன. உதவி கிடைக்கிறதா என்பது கேள்வியே அல்ல, தேவைப்படுகிறதா என்பதுதான். தனியாக வாழ்ந்து, உதவிக்கு ஆளில்லாமல் குளிக்காமலே இருந்துவிடுகிறவருக்கும் அந்தத் தேவை உண்டு.

நல்ல நாள், கெட்ட நாள்

நோய் ஏறி இறங்கும் தன்மை உள்ளவர்களுக்கு 7-ஆவது விதிதான் அடித்தளம். ஆண்டின் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் ஒரு நிலை பொருந்தினால் அந்த நிலைக்குப் புள்ளி. கணக்கில் எடுக்கும் காலம், தகுதி பார்க்கும் தேதிக்கு முந்தைய 3 மாதமும் பிந்தைய 9 மாதமும். பொருந்தும் நிலைகள் ஒன்றுக்கு மேல் இருந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே பாதி நாட்களைத் தாண்டினால், அதிகப் புள்ளியுள்ளது எடுக்கப்படும். எந்த ஒன்றும் தனியே பாதியைத் தாண்டாமல், சேர்ந்தால் தாண்டினால், அவற்றில் அதிக நாட்கள் பொருந்துவது எடுக்கப்படும். உதாரணமாக, 30 சதவீத நாட்களில் சமைக்க ஒருவர் கைகொடுக்க வேண்டும், 25 சதவீத நாட்களில் சமைக்கவே முடியாது என்றால் கூட்டல் 55. எனவே கைகொடுக்கும் நிலைக்குரிய 4 புள்ளி.

ஆகவே 'சில நாட்கள் மோசமாக இருக்கும்' என்ற வரி உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். சில என்றால் பாதிக்குக் குறைவு என்றே வாசிப்பார்கள். வாரத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணாகச் சொல்லுங்கள்.

'நாள்' என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாள் முழுவதும் முடியாமல் இருக்க வேண்டியதில்லை. காலையில் மூட்டு இறுக்கத்தால் இரண்டு மணி நேரம் உடை மாற்ற முடியாது, பகலில் முடியும் என்றால், உடை மாற்ற வேண்டிய நேரத்தில் முடியவில்லை. அந்த நாள் உங்கள் கணக்கில் சேரும். அதேபோல் திங்களன்று கடைக்குப் போய்வந்துவிட்டு செவ்வாயும் புதனும் படுக்கையில் கிடந்தால், அந்த இரண்டு நாளும் நடமாட்டம் முடியாத நாட்களே. எம்இ நோயில் உழைப்புக்குப் பின் ஒன்றிரண்டு நாள் கழித்து வரும் இந்தச் சரிவை, 2021-இல் வந்த நைஸ் (சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் அமைப்பு) வழிகாட்டுதல் நோயின் அடிப்படை அடையாளங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. இதைச் சொல்லும்போது எதைச் செய்தபின், எத்தனை மணி நேரத்தில் தொடங்கி, எவ்வளவு காலம் நீடித்தது என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

இதற்கு நாட்குறிப்பு போல உதவும் ஆதாரம் வேறில்லை. இரண்டு முதல் நான்கு வாரம் எழுதினால் போதும். பெரிய பத்திகள் வேண்டாம். தேதி, எந்தச் செயல், எவ்வளவு நேரம் எடுத்தது, யார் உதவினார்கள், பிறகு என்ன ஆனது, அவ்வளவுதான். நல்ல நாட்களையும் உள்ளபடி எழுதுங்கள். எல்லா நாளும் ஒரேபோல மோசம் என்று எழுதிய குறிப்பை, மேல்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயம் நம்புவது கடினம். பத்தில் மூன்று நாள் பரவாயில்லை என்று எழுதியது மற்ற ஏழு நாளுக்கும் எடை சேர்க்கும்.

நேரம் பற்றிய விதியும் எண்ணால் ஆனது. நோயில்லாதவர் ஒருவர் வழக்கமாக எடுக்கும் உச்ச நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தால் அது நியாயமான நேரமல்ல. உடை மாற்ற அவருக்குப் பத்து நிமிடமும் உங்களுக்கு நடுவே இளைப்பாறி முப்பது நிமிடமும் ஆனால், உங்களால் அது முடியாது என்பதே சட்டப்படியான கணக்கு.

பாதுகாப்பு விஷயத்தில் பாதி நாள் கணக்கைத் தவறாகப் பொருத்துவதும் நடக்கிறது. வலிப்பு மாதத்துக்கு இரண்டு முறைதான் வருகிறது, ஆகவே பாதி நாளில் ஆபத்தில்லை என்று எழுதுவார்கள். மேல் தீர்ப்பாயம் 2017-இல் இந்தத் தர்க்கத்தை நிராகரித்துவிட்டது. அந்தத் தீர்ப்பின் எண் 2017 யுகேயூடி 105. எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் ஆபத்து எல்லா நாளும் இருக்கிறது. அது நிகழும் வாய்ப்போடு, நிகழ்ந்தால் விளையும் தீங்கு எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னறிவிப்பின்றிச் சர்க்கரை இறங்கி மயங்குகிறவர்களும், திடீரென்று மயங்கி விழுகிறவர்களும் இந்தத் தீர்ப்பைத் தங்கள் கடிதத்தில் எண்ணோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அறிக்கையை வரிவரியாக மறுப்பது

பிஏ4 கைக்கு வந்ததும் வரும் கோபம் நியாயமானது. ஆனால் அசெஸ்ஸர் பொய் சொன்னார் என்ற குற்றச்சாட்டில் கடிதத்தின் பாதியைச் செலவழித்தால் பலன் குறைவு. எந்த வரி தவறு, உண்மை என்ன, அதற்கு ஆதாரம் எந்தப் பக்கத்தில் என்று மூன்றாக எழுதுங்கள். சில வரிகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

வலுவான வலி மாத்திரை எடுக்கவில்லை, ஆகவே வலி கடுமையில்லை என்று எழுதியிருப்பார்கள். ஃபைப்ரோமயால்ஜியா போன்ற முதன்மை நாள்பட்ட வலிக்கு ஓபியாய்ட், கபாபென்டின் வகை மருந்துகளைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று சொல்வதே 2021-இல் வெளிவந்த நைஸ் வழிகாட்டுதல் என்ஜி193-தான். மருத்துவர் வழிகாட்டுதலைப் பின்பற்றியதை நோய் லேசானது என்பதற்கு ஆதாரமாக்க முடியாது. சிறுநீரகக் கோளாறாலோ ஒவ்வாமையாலோ மருந்து நிறுத்தப்பட்டிருந்தால், ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவேட்டில் அந்தத் தேதியைத் தேடி எடுத்து வையுங்கள்.

நிபுணர் சிகிச்சையில் இல்லை என்று இருக்கும். நிபுணர், தம்மால் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஜிபியிடம் திருப்பி அனுப்பிய கடிதமே இதற்குப் பதில். குணமானதால் அனுப்பவில்லை என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்.

கார் ஓட்டுகிறார், ஆகவே கைப்பிடி வலு, கவனம், திட்டமிடல் எல்லாம் உண்டு என்று ஒரே தாவலில் நான்கு செயல்களுக்குப் பூஜ்யம் போட்டிருப்பார்கள். எவ்வளவு தூரம், வாரத்தில் எத்தனை முறை, ஆட்டோமேட்டிக் வண்டியா, மோசமான நாட்களில் யார் ஓட்டுகிறார்கள் என்று விவரம் கொடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே பதில்தான்: வேலை நேரம் குறைத்தது, வீட்டிலிருந்து செய்வது, நாற்காலி மாற்றித் தந்தது, வேலை முடிந்து வந்தபின் குளிக்கவும் சமைக்கவும் உடலில் எதுவும் மிஞ்சாதது. முதலாளியோ மேலாளரோ தரும் கடிதம் இங்கே நல்ல ஆதாரம்.

நடப்பதில்தான் அதிகப் பூஜ்யங்கள் தவறாகப் போடப்படுகின்றன என்பது இதை எழுதுகிறவர்களின் கணிப்பு. 200 மீட்டருக்கு மேல் முடிந்தால் 0, 50 முதல் 200 வரை 4, துணைக்கருவி இல்லாமல் 20 முதல் 50 வரை 8, கைத்தடி போன்றவற்றோடு 20 முதல் 50 வரை 10, அதற்கும் குறைவானால் 12. வீட்டுக்குள் நடந்ததையும், மருத்துவமனை வாசலிலிருந்து அறைவரை வந்ததையும் வைத்து 200 மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் தூரத்தை அளந்து வையுங்கள். ஒரு டபுள் டெக்கர் பஸ்ஸின் நீளம் சுமார் 11 மீட்டர். இரண்டு பஸ் நீளம் போவதற்குள் நின்றுவிட வேண்டியிருக்கிறதா? நின்றால் எத்தனை நிமிடம்? மறுபடி அதே தூரம் முடியுமா? ஒருமுறை 60 மீட்டர் நடந்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார வேண்டியவர், திரும்பத் திரும்ப 60 மீட்டர் நடக்க முடிந்தவர் அல்ல. வலியோடும் மூச்சிரைப்போடும் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பது ஏற்கத்தக்க தரமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

மனநலம் நல்லதாகத் தெரிந்தது, கண்ணைப் பார்த்துப் பேசினார் என்ற வரிகளும் உண்டு. போரையும் சித்திரவதையையும் கடந்து வந்த பலர் அதிகாரி முன் அடங்கி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்கள். அதை நலம் என்று குறித்துவிடுவார்கள். நேரில் பழகுவது, தனியே பயணிப்பது ஆகிய இரண்டிலும் மன உளைச்சலுக்குப் புள்ளி உண்டு. புகலிட வழக்குக்காக முன்பு தயாரித்த மருத்துவ சட்ட அறிக்கை யாரிடமாவது இருந்தால், அதைப் பழையது என்று ஒதுக்காமல், இன்றைய ஜிபி பதிவோடு சேர்த்துக் கொடுங்கள்.

ஆதாரம் திரட்டுவது

நோயின் பெயரை மட்டும் சொல்லும் மருத்துவர் கடிதத்துக்குப் பணம் கொடுத்து வாங்காதீர்கள். உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்பதை டிடபிள்யூபி பெரும்பாலும் மறுப்பதில்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை குறிப்பான கேள்விகள்: இவர் நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று கருதுகிறீர்கள், குளிக்கையில் விழும் ஆபத்து உண்டா, சோர்வு இந்த நோயோடு ஒத்துப்போகிறதா. பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் ஆகியோரின் குறிப்புகள் பல நேரம் கன்சல்டன்ட் கடிதத்தைவிட மேலானவை, ஏனெனில் அவர்கள் உங்கள் கைகால் அசைவைப் பார்த்து எழுதுகிறார்கள்.

ஜிபி பதிவேடு முழுவதையும் எழுத்து மூலம் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும், வழக்கமாக ஒரு மாதத்துக்குள். அனுப்புமுன் நீங்களே ஒருமுறை முழுக்கப் படியுங்கள். 'நன்றாகச் சமாளிக்கிறார்' என்று ஒரு வரி கிடந்தால், எந்தச் சூழலில் சொன்னது என்று முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது. காலையில் உடம்பு எப்படி என்று டாக்டர் கேட்கும்போது மரியாதைக்குச் சொன்ன பதிலும் அங்கே பதிவாகியிருக்கும்.

கூட இருப்பவரின் கடிதத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அது தவறு. மனைவியோ மகனோ எழுதும் ஒரு பக்கம், என்ன உதவி, எத்தனை முறை, உதவாவிட்டால் என்ன நடந்தது என்று தேதியோடு இருந்தால் தீர்ப்பாயம் அதைக் கவனமாகப் படிக்கும். தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணும் இருக்கட்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிப்பது பற்றி ஒரு பத்தி இப்படி அமையலாம்: 'செயல் 4-இல் எனக்கு 0 தரப்பட்டது, உரியது நிலை இ (e), 3 புள்ளி. வாரத்தில் ஐந்து நாள் குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க என் கணவர் கையைப் பிடித்துத் தூக்க வேண்டும். மார்ச் மாதம் தனியே முயன்று விழுந்தேன், ஜிபி பதிவு இணைப்பு 4. குளித்தபின் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும், எனவே தேவைப்படும்போதெல்லாம் திரும்பச் செய்ய முடியாது. அறிக்கையின் 14-ஆம் பக்கம் நான் தனியே குளிப்பதாகச் சொன்னதாக எழுதியிருக்கிறது. நான் சொன்னது, இருக்கையில் அமர்ந்தபின் மேலுடம்பை நானே கழுவுவேன் என்பது.' இதை ஆங்கிலத்தில் தர வேண்டும். எண்களும் சம்பவங்களும் உங்களுடையவையாக, உண்மையாக இருக்க வேண்டும்.

தீர்ப்பாயம்

பெரும்பாலான ரீகன்சிடரேஷன்கள் பழைய முடிவையே திருப்பிச் சொல்லும். இங்கே மனம் உடைந்து நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் விசாரணை வரை சென்ற பிப் வழக்குகளில், கடந்த சில ஆண்டுகளாக ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விண்ணப்பதாரர் பக்கம் முடிந்திருக்கின்றன. ரீகன்சிடரேஷன் முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஆன்லைனிலோ எஸ்எஸ்சிஎஸ்1 படிவத்திலோ மேல்முறையீடு செய்யுங்கள். கட்டணம் இல்லை. தீர்ப்பாயம் டிடபிள்யூபியின் கிளை அல்ல, நீதித்துறையின் பகுதி.

படிவத்தில் நேர் விசாரணை வேண்டுமா, காகிதத்தை வைத்தே முடிவெடுக்கலாமா என்று கேட்பார்கள். நேர் விசாரணையைத் தேர்ந்தெடுங்கள். பயமாக இருக்கும், ஆனாலும் நீங்கள் பேசினால்தான் காகிதத்தில் இல்லாதது வெளியே வரும். போன் மூலமோ வீடியோ மூலமோ நடத்தவும் கேட்கலாம். இடைவேளை, சக்கர நாற்காலி வசதி, பிற்பகல் நேரம் போன்றவற்றையும் அப்போதே எழுதுங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பாளரை அசெஸ்மென்டுக்கும் விசாரணைக்கும் இலவசமாகக் கேட்கலாம். ஆங்கிலம் ஓரளவு வரும் என்றாலும் கேளுங்கள். சோர்வில் ஆங்கிலம் முதலில் நழுவும், பாதி புரிந்த கேள்விக்குத் தலையாட்டினால் அது ஆம் என்று பதிவாகும். வந்தவரின் தமிழ் உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால், யாழ்ப்பாணத்தவருக்குத் தமிழகப் பேச்சும் அவருக்கு உங்கள் பேச்சும் இடறினால், கூச்சப்படாமல் உடனே நீதிபதியிடம் சொல்லுங்கள். முடிந்தபின் சொன்னால் பலன் குறைவு. குடும்பத்தவர் கூட வரலாம், சாட்சியாகப் பேசலாம். மொழிபெயர்க்கும் வேலையை அவரிடம் விட வேண்டாம்.

டிடபிள்யூபி தன் பதிலோடு எல்லாக் காகிதங்களையும் எண்ணிட்டுக் கட்டாக அனுப்பும். தடித்த கட்டு. நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு ஆதாரமும் உள்ளே இருக்கிறதா என்று சரிபாருங்கள். விடுபட்டிருந்தால் தீர்ப்பாயத்துக்கு நேரடியாக அனுப்புங்கள். இதற்கிடையில் டிடபிள்யூபி போன் செய்து, இத்தனை புள்ளி தருகிறோம், மேல்முறையீட்டை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்கலாம். அந்த நிமிடமே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டு, ஆலோசகரிடம் காட்டிவிட்டு முடிவு சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பூஜ்யத்தை எதிர்த்துப் போகிறவருக்கு இழக்க எதுவுமில்லை. ஏற்கெனவே சாதாரண நிலை கிடைத்து, மேல்நிலை கேட்டுப் போகிறவருக்கு இருப்பதும் குறையும் சாத்தியம் உண்டு. தீர்ப்பாயம் முழு முடிவையும் புதிதாகப் பார்க்க அதிகாரம் பெற்றது. அப்படிக் குறைக்க எண்ணினால் வழக்கமாக முன்கூட்டியே எச்சரிப்பார்கள். அப்போது இடைவேளை கேட்டு யோசியுங்கள்.

குழுவில் வழக்கமாக ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், மாற்றுத்திறன் அனுபவமுள்ள ஓர் உறுப்பினர் இருப்பார்கள். டிடபிள்யூபி தரப்பில் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. அவர்கள் கேட்பது இன்றைய நிலையை அல்ல, மறுப்பு முடிவு எடுக்கப்பட்ட நாளில் இருந்த நிலையை. இதை மறந்து, போன மாதம் நடந்த அறுவை சிகிச்சையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நேரம் வீணாகும். பின்னால் வந்த மருத்துவ அறிக்கையைக் கொடுக்கலாம், அது அந்த நாளின் நிலையைக் காட்டுமானால். நிலை அதன்பின் மோசமாகியிருந்தால் என்ன செய்வது என்பதை ஆலோசகரிடம் தனியாகக் கேளுங்கள்.

பதில் சொல்லும்போது 'சமைப்பேன்' என்று தொடங்கி நிறுத்தாதீர்கள். எப்படி, யாரோடு, எத்தனை நாள், பிறகு என்ன என்று வாக்கியத்தை முடியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். விசாரணையின் நடுவே களைத்துப்போனால் அதை மறைத்து நிமிர்ந்து உட்கார வேண்டாம், இடைவேளை கேளுங்கள். அன்றே முடிவு சொல்லலாம் அல்லது தபாலில் வரும். தோற்றால் ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலமான காரணங்களைக் கேட்க வேண்டும். சட்டத்தில் பிழை இருந்தால் மட்டுமே மேல் தீர்ப்பாயம் போக முடியும். புள்ளி குறைவு என்ற வருத்தம் அதற்குப் போதாது.

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ், உங்கள் ஊர் லா சென்டர், கவுன்சிலின் வெல்ஃபேர் ரைட்ஸ் பிரிவு ஆகியவை இலவசமாக உதவும். ஆனால் கூட்டம் அதிகம், முறை கிடைக்க வாரங்கள் ஆகலாம். எனவே மறுப்புக் கடிதம் வந்த நாளே அவர்களை அழையுங்கள், அதே நாளில் டிடபிள்யூபிக்கும் போன் செய்து ரீகன்சிடரேஷனைப் பதிவு செய்துவிடுங்கள். வெற்றித் தொகையில் பங்கு கேட்கும் தனியாரிடம் போகத் தேவையில்லை.